தரைக்குள் ஓடும் தண்ணீரைப் பங்கு பிரிப்பது யார்?

கொரிய நாடகம் பார்க்காத மாணவர்கள் இன்று குறைவு. அந்த நாடகங்களில் ஒரு காட்சியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். வெளியே பனி கொட்டும். வீட்டுக்குள் பாட்டியும் பேரனும் தரையில் அமர்ந்து சாப்பிடுவார்கள். இரவானால் தரையிலேயே மெத்தையை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். குளிர்நாட்டில் தரைதானே எல்லாவற்றையும்விடச் சில்லென்று இருக்க வேண்டும்? அங்கே நிலைமை நேர்மாறு. அந்த வீட்டிலேயே மிகவும் இதமான இடம் தரைதான்.

இதற்கு 'ஒண்டோல்' என்று பெயர். பழைய நாளில் அடுப்பிலிருந்து வரும் சூடான புகையைத் தரைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டு, மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்பினார்கள். கற்கள் சூடேறி இரவு முழுவதும் கதகதப்பாக இருந்தன. இன்றைய கொரிய அடுக்குமாடி வீடுகளில் புகைக்குப் பதிலாக வெந்நீர் ஓடுகிறது. தரைப் பூச்சுக்குள் பாம்புபோல் வளைந்து வளைந்து ஒரு நெகிழிக் குழாய் புதைந்திருக்கும். கொதிகலனில் சூடான நீர் அதற்குள் சுற்றிவந்து, வெப்பத்தைத் தரைக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும். தரை அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக அறைக்குள் விடுகிறது. காலுக்குச் சுடக்கூடாது என்பதற்காக, மக்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 பாகை செல்சியசைத் தாண்டாதபடி வடிவமைப்பார்கள். நம் உடலைவிடக் குறைந்த வெப்பநிலைதான். ஆனாலும் பரப்பு பெரியது என்பதால் அதுவே போதும்.

அந்த வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தால் இரண்டு தடித்த உலோகக் குழாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு. இதுதான் மெனிஃபோல்டு. ஒரு குழாய் கொதிகலனிலிருந்து வரும் நீரை வாங்கி அறை அறையாகப் பிரித்து அனுப்புகிறது. மற்றது திரும்பி வரும் நீரையெல்லாம் சேர்த்துக் கொதிகலனுக்குக் கொடுக்கிறது. மோட்டார் பட்டறையில் 'எக்ஸோஸ் மெனிஃபோல்டு' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒரே குழாயில் சேர்க்கும் பாகம் அது. ஒன்றைப் பலவாகப் பிரித்தாலும், பலவற்றை ஒன்றாகச் சேர்த்தாலும் பெயர் ஒன்றுதான்.

வருடம் முழுவதும் வியர்க்கும் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதே குழாயும் இதே மெனிஃபோல்டும் நம் நாட்டில், புத்ராஜெயாவில், எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. அங்கே போகுமுன், மெனிஃபோல்டு என்ன சிக்கலைத் தீர்க்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சோம்பேறித் தண்ணீர்

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா சமையலறைக் குழாயைத் திறக்கிறார். உடனே ஷவரில் தண்ணீர் மெலிந்துபோகிறது. கூரைத் தொட்டியிலிருந்து வரும் ஒரே குழாய்தான் வழியில் கிளைவிட்டுக் கிளைவிட்டு வீடெங்கும் போகிறது. எந்த வழி எளிதோ அந்த வழியில்தான் தண்ணீர் அதிகம் ஓடும். சமையலறைக் குழாய் அருகிலோ தாழ்வாகவோ இருந்தால் பெரும்பங்கு அதற்குத்தான்.

தரைக்குள் ஓடும் நீரும் அப்படித்தான். இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். குளிர்நாட்டில் ஒரு சிறிய வீடு. கூடம் 20 சதுர மீட்டர், படுக்கையறை 12, சமையலறை 8. ஒரு சதுர மீட்டருக்கு 50 வாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூடத்துக்கு 1,000 வாட், படுக்கையறைக்கு 600, சமையலறைக்கு 400. குழாயை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வளைத்து வளைத்துப் பதித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 5 மீட்டர் குழாய் பிடிக்கும். ஆக, கூடத்தின் சுற்று 100 மீட்டர், படுக்கையறைச் சுற்று 60, சமையலறைச் சுற்று 40.

எவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும்? படிவம் 4 இயற்பியலில் வரும் தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது நம் பாடநூலின் 'முவாத்தான் ஹாபா தெந்து', இங்கே கைகொடுக்கும். ஒரு கிலோகிராம் நீர் ஒரு பாகை குளிரும்போது ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பத்தை விடுகிறது. நீர் 40 பாகையில் உள்ளே போய் 33 பாகையில் திரும்புகிறது என்றால், 7 பாகை வித்தியாசம். ஒவ்வொரு கிலோகிராமும் 29,400 ஜூல் கொடுத்துவிட்டு வருகிறது. கூடத்துக்கு விநாடிக்கு 1,000 ஜூல் தேவை. 1,000-ஐ 29,400-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.034 கிலோகிராம். நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர். அதே கணக்கில் படுக்கையறைக்கு 1.2 லிட்டர், சமையலறைக்கு 0.8 லிட்டர். மொத்தம் 4 லிட்டர்.

இந்த 4 லிட்டரைத் தள்ளும் பம்பு ஒன்றை வாங்கி, மூன்று சுற்றுகளையும் வெறும் குழாய் இணைப்புகளால் சேர்த்துவிட்டோம் என்று வையுங்கள். தண்ணீர் 2, 1.2, 0.8 என்று ஒழுங்காகப் பிரியுமா? பிரியாது. நம் தேவை தண்ணீருக்குத் தெரியாது. அது தடையை மட்டுமே அறியும்.

மின்சாரப் பாடத்தில் இணைச்சுற்று படித்திருப்பீர்கள், 'லித்தார் செலாரி'. மூன்று தடையங்களுக்கும் ஒரே மின்னழுத்தம், தடை குறைந்ததில் மின்னோட்டம் அதிகம். இங்கேயும் மூன்று சுற்றுகளுக்கும் ஒரே அழுத்த வேறுபாடு, குட்டையான குழாயில் ஓட்டம் அதிகம். ஆனால் ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஓம் விதிப்படி என்றால் 40 மீட்டர் சுற்றில் 100 மீட்டர் சுற்றைப்போல் இரண்டரை மடங்கு ஓட வேண்டும். உண்மையில் ஓடுவது சுமார் 1.7 மடங்குதான். இந்த வேகத்தில் நீர் குழாய்க்குள் சுழித்துக் கொந்தளித்து ஓடுவதால், ஓட்டம் கூடக் கூட அழுத்த இழப்பு அதைவிட வேகமாகக் கூடுகிறது. ஓட்டம் இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ 3.4 மடங்காகிறது. வேகமாக ஓட முயலும் நீரை அந்தக் கொந்தளிப்பே கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது.

இதை வைத்து நம் 4 லிட்டரைப் பங்கிட்டால் சமையலறைக்கு 1.7 லிட்டர், படுக்கையறைக்கு 1.3, கூடத்துக்கு 1 லிட்டர் போகும். சமையலறைக்குத் தேவையைப்போல் இருமடங்கு, படுக்கையறைக்கு ஏறத்தாழச் சரியான அளவு, பாட்டி உட்காரும் கூடத்துக்குத் தேவையில் பாதி. கொதிகலனில் குறையில்லை, பம்பில் குறையில்லை, குழாயிலும் ஓட்டையில்லை. ஆனாலும் கூடம் குளிர்கிறது. இத்தகைய வீட்டில் பலர் செய்வது, வெந்நீரை இன்னும் சூடாக்குவது. அப்போது கூடம் ஓரளவு இதமாகும், சமையலறைத் தரை கொதிக்கும், எரிவாயுச் செலவு ஏறும்.

சரியான வழி வேறு. குட்டையான சுற்றுகளின் வால்வைக் கொஞ்சம் மூடி, அவற்றின் தடையைச் செயற்கையாகக் கூட்ட வேண்டும். நல்ல மெனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிபோன்ற குழல் இருக்கும். அதற்குள் ஒரு சிறிய காட்டி ஏறி இறங்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும். அதைப் பார்த்தபடியே வால்வைத் திருகி, சமையலறையில் 0.8, படுக்கையறையில் 1.2 என்று நிறுத்துவார்கள். ஒன்றைக் குறைத்தால் மற்றவை கூடும். எனவே இரண்டு மூன்று முறை சுற்றிவந்து திருத்த வேண்டும். இதற்குப் பெயர் சமன்செய்தல். மெனிஃபோல்டை வாங்குவதே பெரும்பாலும் இந்த வேலைக்காகத்தான். ஓட்டமானி இல்லாத மெனிஃபோல்டு விலை குறைவாகக் கிடைக்கும். என் கருத்தில் அது முள்ளில்லாத தராசு. வாங்கியவர் எப்படி அளப்பார்?

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எத்தனை கிளை என்று பார்க்க வேண்டும். அறைக்கு ஒன்று என்று எண்ணிவிட முடியாது. நம் வீட்டின் கூடம் 40 சதுர மீட்டராக இருந்தால் 200 மீட்டர் குழாய் வேண்டும். அதை ஒரே சுற்றாக ஓட்டலாமா? வெளிவிட்டம் 16, உள்விட்டம் 12 மில்லிமீட்டர் உள்ள குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும்போது 100 மீட்டரில் ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 1.35 மீட்டர் உயர நீருக்குச் சமம். 200 மீட்டர் சுற்றில் நீளமும் இரட்டிப்பு, ஓட்டமும் இரட்டிப்பு. இழப்பு 6.7 மடங்காகி 9 மீட்டரைத் தொடும். வீடுகளில் பொருத்தும் சுழற்சிப் பம்புகள் பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர் வரைதான் தள்ளும். அதனால் இந்த அளவுக் குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரை ஒட்டி முடியும்படி பார்த்துக்கொள்வார்கள். பெரிய கூடத்துக்கு இரண்டு சுற்று, இரண்டு கிளை. பின்னால் ஓர் அறை சேரக்கூடும் என்றால் இன்னொரு கிளையைக் கூடுதலாக வைத்து மூடிவிடலாம்.

அடுத்து, மெனிஃபோல்டின் உடல் தடிமன். கிளைக் குழாய் மெல்லியதாக இருக்கலாம், தாய்க் குழாய் அகலமாக இருக்க வேண்டும். தாய்க் குழாய் ஒரு குளம்போல் அமைதியாக இருந்தால்தான் முதல் கிளைக்கும் கடைசிக் கிளைக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். ஏழெட்டுக் கிளை உள்ள வீட்டு மெனிஃபோல்டுக்கு ஓர் அங்குலத் தாய்க் குழாய் போதும்.

பொருள்? பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, நெகிழி என்று மூன்று வகை உண்டு. மூன்றும் வேலை செய்யும். இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேதியியல் ஒன்று இருக்கிறது, ஆனால் அது மெனிஃபோல்டில் இல்லை, குழாயில் இருக்கிறது. தரைக்குள் புதைக்கும் குழாய் பெரும்பாலும் 'பெக்ஸ்' என்னும் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன். அதன் சுவர் வழியே தண்ணீர் கசியாது, ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல ஊடுருவும். மூடிய சுற்றில் ஓடும் நீரில் ஆக்சிஜன் சேர்ந்தால் பம்பின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். துருத்தூள் ஓட்டமானியின் கண்ணாடியை மறைக்கும், வால்வில் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆக்சிஜனைத் தடுக்கும் மெல்லிய படலம் பூசிய குழாயைத்தான் வாங்க வேண்டும். மெனிஃபோல்டு நெடுநாள் உழைப்பதற்குக் குழாயின் தரமும் ஒரு காரணம்.

இன்னொன்று, கான்கிரீட்டுக்குள் குழாய் இணைப்பே இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் மெனிஃபோல்டில் தொடங்கி மெனிஃபோல்டிலேயே முடியும் ஒரே முழுக் குழாய். ஒழுகினால் இணைப்பில்தான் ஒழுகும், இணைப்புகளெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பெட்டிக்குள் இருந்தால் ஸ்பானரோடு போய்ச் சரிசெய்துவிடலாம். கான்கிரீட் ஊற்றும் முன்பே குழாய்களை அழுத்தத்தில் நிறுத்திச் சோதித்துவிடுவார்கள். ஊற்றிய பிறகு கண்டுபிடித்தால் தரையை உடைக்க வேண்டியதுதான்.

மெனிஃபோல்டை வீட்டின் நடுப்பகுதியில், தரைமட்டத்துக்கு மேலே பொருத்துவதற்கும் காரணம் உண்டு. நடுவில் இருந்தால் எல்லாச் சுற்றுகளின் நீளமும் ஓரளவு நெருங்கி வரும். மேலே இருந்தால் குழாயில் மாட்டிய காற்றுக்குமிழிகள் அங்கே ஏறிவரும். தாய்க் குழாயின் முனையில் உள்ள காற்றுப்போக்கி அவற்றை வெளியே விடும். ஒரு குமிழி ஒரு சுற்றையே அடைத்துவிடக் கூடும் என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஐந்து ரிங்கிட் ஆய்வு

இதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. நீங்களே செய்து பாருங்கள். மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில், ஒரு பம்பின் காற்றைப் பல தொட்டிகளுக்குப் பிரிக்க நெகிழியில் ஒரு சிறிய உறுப்பு விற்பார்கள். ஒரு பக்கம் வாய், மறுபக்கம் மூன்று நான்கு கிளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் திருகு. அதுவும் மெனிஃபோல்டுதான். விலை சில ரிங்கிட். கூடவே மெல்லிய காற்றுக்குழாய் ஐந்தாறு மீட்டர் வாங்குங்கள்.

ஒரு வாளித் தண்ணீரை மேசைமேல் வைத்து, ஒரு குழாயால் நீரை உறிஞ்சி இறக்கி மெனிஃபோல்டின் வாய்க்குக் கொடுங்கள். ஒரு கிளையில் 1 மீட்டர் குழாய், மற்றொன்றில் 3 மீட்டர் குழாய் மாட்டுங்கள். மீதிக் கிளைகளை மூடிவிடுங்கள். இரண்டு குழாய்களின் முனையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இதில் ஏமாந்தால் ஆய்வே வீண். ஒரு நிமிடம் இரண்டு குவளைகளில் பிடித்து அளங்கள். குட்டைக் குழாயில் அதிகம் வரும், ஆனால் மூன்று மடங்கு வராது. ஏன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். பிறகு குட்டைக் குழாயின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி இரண்டு குவளையிலும் ஒரே அளவு வரும்படி செய்யுங்கள். திருகை மூட மூட நெட்டைக் குழாயின் ஓட்டம் கூடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நீரைக் கொண்டுவரும் வாளிக்குழாயிலும் தடை இருக்கிறது, அதனால்தான் ஒன்றின் பங்கு குறைந்தால் மற்றதற்குக் கிடைக்கிறது. ஷவர் மெலிந்ததும் இதனால்தான்.

புத்ராஜெயாவின் குளிர்ந்த தரை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கேமரன் மலையில்கூடத் தரைக்கு வெந்நீர் விடும் தேவை நமக்கில்லை. நமக்கு வேண்டியது குளிர்ச்சி. குழாய்க்குள் வெந்நீருக்குப் பதில் குளிர்நீரை ஓட்டினால் தரை, அறையின் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும். 2010-இல் கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவின், தலைமையகம் இதைச் செய்கிறது. தலைகீழாக நிறுத்திய பிரமிடுபோல இருப்பதால் 'வைரக் கட்டடம்' என்று அழைக்கிறார்கள். மேல்மாடிகள் வெளியே நீண்டு கீழ்மாடிகளுக்கு நிழல் தருகின்றன.

அந்தக் கட்டடத்தின் கான்கிரீட் தளங்களுக்குள் குழாய்கள் புதைந்துள்ளன. இரவில் அவற்றில் குளிர்நீர் ஓடித் தளத்தைக் குளிர்விக்கிறது. பகலில் ஊழியர்கள், கணினிகள், விளக்குகள் வெளியிடும் வெப்பத்தைத் தளம் வாங்கிக்கொள்கிறது. கான்கிரீட் எவ்வளவு வாங்கும்? 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 480 கிலோகிராம். கான்கிரீட்டின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 880 ஜூல். தளம் 2 பாகை சூடாவதற்குள் 8 லட்சத்து 45 ஆயிரம் ஜூலை விழுங்கிவிடும். பத்து மணி நேரத்துக்குப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 23 வாட்டுக்கும் மேல். வெறும் 2 பாகைக்கு இவ்வளவு! காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு அந்த 2 பாகை மாற்றம் பெரிதாகத் தெரியாது.

தண்ணீரைப் பயன்படுத்துவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகைக்கு 4,200 ஜூல் சுமக்கிறது. ஒரு லிட்டர் காற்று சுமப்பது 1.2 ஜூல்தான். 3,500 மடங்கு வித்தியாசம். அதே குளிர்ச்சியைக் காற்றாகக் கொண்டுபோகப் பெரிய தகரக் குழாய்களும் ஓயாமல் சுழலும் விசிறிகளும் வேண்டும். நீராகக் கொண்டுபோக விரல் தடிமனில் ஒரு குழாயும் சிறிய பம்பும் போதும்.

நம் வழக்கமான அலுவலகங்களோடு ஒப்பிட்டால் வைரக் கட்டடம் செலவிடும் மின்சாரம் பாதிக்கும் குறைவு. எல்லாப் பெருமையையும் குழாய்களுக்கே கொடுத்துவிடக் கூடாது, பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரும் அமைப்பு, நிழல், சிக்கனமான விளக்குகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. குழாய்களின் பங்கை மட்டும் தனியே அறிய வேண்டுமானால் ஹைதராபாத்துக்குப் போக வேண்டும். இன்ஃபோசிஸ் நிறுவனம் அங்குள்ள தன் வளாகத்தில் ஒரு கட்டடத்தை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கக் காற்றுக் குளிரூட்டலையும் மறுபாதியில் தளத்துக்குள் ஓடும் நீர்க் குளிரூட்டலையும் வைத்தது. ஒரே கூரை, ஒரே வெயில், ஒரேவிதமான வேலை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைப்போமே, அதைப்போல. நீர் ஓடிய பாதி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவான மின்சாரத்தில் குளிர்ந்தது.

ஐஸ் கச்சாங் கிண்ணம் சொல்லும் எச்சரிக்கை

இவ்வளவு நல்லது என்றால் ஜார்ஜ்டவுனில் வீட்டுக்கு வீடு ஏன் இது இல்லை? பினாங்கு ரோட்டில் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கி மேசைமேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் கிண்ணத்தின் வெளிப்புறம் நனைந்து மேசையில் வட்டமாக நீர் தேங்கும். கிண்ணத்தில் ஓட்டையில்லை. காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் இப்படி நீர் படியுமோ அது பனிநிலை.

30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணப் பினாங்கு நாளில் பனிநிலை 26 பாகை. அதாவது 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். சன்னல் திறந்திருக்கும் நம் வீட்டுத் தரையை 20 பாகைக்குக் குளிர்வித்தால் ஐஸ் கச்சாங் கிண்ணத்தின்மேல் நடப்பதுபோலத்தான் இருக்கும். வழுக்கி விழுவோம், சுவரோரம் பூஞ்சை பிடிக்கும். மூடிய அலுவலகத்தில் காற்றை முதலில் உலர்த்தி, 24 பாகையும் 60 விழுக்காடு ஈரப்பதமுமாக வைத்திருந்தால் பனிநிலை 16 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். அப்போது 20 பாகைத் தரை உலர்ந்தே இருக்கும். வைரக் கட்டடத்திலும் உள்ளே விடும் காற்றின் ஈரத்தை இயந்திரங்கள் நீக்கிக்கொண்டே இருக்கின்றன. தரை குளிர்விக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் வேலையைத் தரையிடம் கொடுக்க முடியாது.

ஆகவே நம் நாட்டில் மெனிஃபோல்டு வாங்குகிறவருக்குக் கொரியாவில் இல்லாத இரண்டு கேள்விகள் கூடுதலாக வரும். தரை உலர்ந்திருந்தாலும், குளிர்நீர் முதலில் வந்து சேரும் மெனிஃபோல்டு தரையைவிடக் குளிர்ந்த இடம். வெறும் பித்தளையாக விட்டால் அது வியர்த்துப் பெட்டிக்குள் சொட்டும். எனவே காற்றுப் புகாத காப்புறை அதற்குக் கட்டாயம் வேண்டும். இரண்டாவது, நீரின் வெப்பநிலை பனிநிலையை நெருங்கினால் வால்வை மூடிவிடும் உணரி. யாரோ சன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனாலும் தரை நனையாமல் காப்பது அதுதான்.

காற்று தாராளமாக வந்து போகும் தரைவீட்டுக்கு இந்த அமைப்பு வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. அங்கே ஓடு பதித்த தரையும் மின்விசிறியும் போதும். நாள் முழுவதும் மூடி ஏர்கோன் ஓட்டும் அலுவலகம், நூலகம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் போன்ற இடங்களில்தான் இதைக் கணக்குப் பார்க்க வேண்டும். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் தரைக்குள் குளிர்நீர் ஓடுகிறது, நம்மைப்போன்றே புழுக்கமான ஊர்தான் அது.

உங்கள் வகுப்பறைத் தரையை எத்தனை பாகைவரை குளிர்விக்கலாம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பளபளப்பான எவர்சில்வர் குவளையில் பாதி அளவு சாதாரண நீர் ஊற்றி, வெப்பமானியை உள்ளே வையுங்கள். ஐஸ்கட்டியைச் சிறு சிறு துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே குவளையின் வெளிப்புறத்தைக் கவனியுங்கள். மூச்சுக்காற்று படாதபடி தள்ளி நில்லுங்கள். பளபளப்பு மங்கும் அந்த நொடியில் வெப்பமானி காட்டுவது பனிநிலை. மழை பெய்யும் பிற்பகலில் ஒரு முறையும், வெயில் அடிக்கும் நண்பகலில் ஒரு முறையும், ஏர்கோன் ஓடும் கணினிக் கூடத்தில் ஒரு முறையும் அளந்து மூன்று எண்களையும் எழுதுங்கள். மூன்றில் எந்த இடத்தில் 20 பாகைத் தரை உலர்ந்திருக்கும்?